கண்டதா, கருதியதா, கேட்டதா? தென்னமெரிக்க மொழிகளில் சான்றுக்குறி

பெரு நாட்டின் குஸ்கோ பகுதியில் கெச்சுவா மொழி பேசும் ஒருவர் ‘மழை பெய்கிறது’ என்று சொல்ல மூன்று வழிகள் உண்டு. முற்றத்தில் நின்று மழையைப் பார்த்தபடி சொன்னால் ‘பரஷன்மி’ என்பார். அடுத்த ஊரில் மழை என்று யாரோ சொல்லக் கேட்டிருந்தால் ‘பரஷன்ஸி’ என்பார். மலைக்கு அப்பால் கருமேகம் திரண்டிருப்பதைக் கண்டு, அங்கே இந்நேரம் பெய்துகொண்டிருக்கும் என்று ஊகித்தால் ‘பரஷன்ச்சா’ என்பார். ‘பரஷன்’ என்ற பகுதி மூன்றிலும் மாறவில்லை. மழை பெய்கிறது என்ற செய்தி முழுவதும் அதிலேயே அடங்கிவிடுகிறது. கடைசியில் வந்து ஒட்டும் மி, ஸி, ச்சா என்ற சிறிய ஒட்டுகள் மழையைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. அந்தச் செய்தி பேசுகிறவருக்கு எந்த வழியில் கிடைத்தது என்பதையே அவை சொல்கின்றன.

இப்படி ஒரு செய்தியின் மூலத்தை இலக்கண உறுப்பு ஒன்றினால் காட்டும் முறையை மொழியியலாளர்கள் எவிடென்ஷியாலிட்டி என்கிறார்கள். இக்கட்டுரையில் அதைச் சான்றுநிலை என்றும், அதைக் காட்டும் ஒட்டைச் சான்றுக்குறி என்றும் குறிப்பிடுகிறேன். லத்தீன் அமெரிக்காவில் ஸ்பானியம், போர்த்துகீசியம், பழங்குடி மொழிகள் ஆகியவற்றை ஒன்றோடொன்று வைத்து ஆராய்கிறவர்கள் மீண்டும் மீண்டும் வந்து நிற்கும் இடங்களுள் இது ஒன்று. ஒரு மொழி இன்னொன்றிடமிருந்து சொற்களை மட்டும் பெறுவதில்லை, பேச்சின் பழக்கத்தையே பெற முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

தமிழ் வாசகருக்கு இக்கருத்து முற்றிலும் புதியதாக இராது. சைவ சித்தாந்த நூல்கள் அறிவு பெறும் வழிகளை அளவை என்று பெயரிட்டுக் காண்டல், கருதல், உரை என மூன்றாகக் கொள்ளும். குஸ்கோ கெச்சுவாவின் மூன்று ஒட்டுகளும் ஏறத்தாழ இதே வரிசையில் அமைந்திருக்கின்றன: மி காண்டலுக்கு, ச்சா கருதலுக்கு, ஸி உரைக்கு. ஒரு வேறுபாட்டை மட்டும் மறக்கக் கூடாது. சித்தாந்தம் பேசும் உரை என்பது நம்பத்தக்க ஆகமத்தின் சொல். கெச்சுவாவின் ஸி சந்தைப் பேச்சு, பக்கத்து வீட்டுச் செய்தி, பாட்டி சொன்ன கதை என எதற்கும் பொருந்தும். நம் முன்னோர் தத்துவத்தில் வகுத்துக்கொண்டதை ஆண்டிஸ் மலைமக்கள் வாக்கியத்துக்குள்ளேயே வைத்திருக்கிறார்கள் என்று முதன்முறை படித்தபோது எனக்கு உண்டான வியப்பு இன்னும் குறையவில்லை.

நம் இலக்கணத்திலும் இதன் ஒரு கூறு இருக்கிறது. ‘அவன் ஊருக்குப் போனான்’ என்பதற்கும் ‘அவன் ஊருக்குப் போனானாம்’ என்பதற்கும் உள்ள வேறுபாட்டைத் தமிழ்க் குழந்தை பள்ளிக்குப் போகும் முன்பே அறியும். ‘ஆம்’ என்ற ஒட்டு, இச்செய்தி பிறர் வாயிலிருந்து வந்தது என்பதைக் காட்டுகிறது. அது கெச்சுவாவின் ஸியோடு நெருங்கிய உறவுடையது. ஆனால் தமிழில் மற்ற இரண்டு வழிகளுக்கும் இத்தகைய ஒட்டு கிடையாது. ஊகத்துக்குப் ‘போலிருக்கிறது’ என்றோ ‘பெய்திருக்கும்’ என்றோ வேறு அமைப்புகளை நாடுகிறோம். கண்டதற்குத் தனிக்குறி எதுவும் இடுவதில்லை. கெச்சுவாவில் மூன்றும் ஒரே வகை உறுப்புகளாக, வாக்கியத்தில் ஒரே இடத்துக்குப் போட்டியிடுகின்றன.

தொடக்க நிலையில் இருப்பவர்கள் ஏறக்குறைய எல்லோரும் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. மி என்றால் உறுதி, ச்சா என்றால் ஐயம், ஸி என்றால் இரண்டுக்கும் நடுவே எதோ என்று எண்ணிக்கொள்வதே அது. சான்றுநிலை வேறு, உறுதிநிலை வேறு. செய்தி எங்கிருந்து வந்தது என்பது ஒரு கேள்வி. அதைப் பேசுகிறவர் எவ்வளவு நம்புகிறார் என்பது இன்னொரு கேள்வி. குஸ்கோ கெச்சுவாவின் சான்றுக்குறிகளைப் பற்றி 2002ஆம் ஆண்டில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்ட ஆய்வை முடித்த மார்ட்டினா ஃபாலர், இதை நிறுவ ஓர் அருமையான வாக்கியத்தைக் காட்டுகிறார். அதைத் தமிழில் ஏறத்தாழ இப்படிச் சொல்லலாம்: ‘அவர்கள் எனக்கு நிறையப் பணம் விட்டுப் போனார்களாம், நீயே பார்த்தாயே, ஒரு சோல் காசுகூட விட்டுப் போகவில்லை.’ முதல் பகுதியில் ஸி வருகிறது. அது பொய் என்பது பேசுகிறவருக்கு நன்றாகத் தெரியும். ஆயினும் வாக்கியத்தில் முரண்பாடு இல்லை. ஊர் அப்படிச் சொல்கிறது என்பதை மட்டுமே ஸி முன்வைக்கிறது, அதன் உண்மைக்குப் பொறுப்பேற்பதில்லை. முதல் பகுதியில் ஸிக்குப் பதிலாக மி வந்திருந்தால் பேசுகிறவர் தம்மையே மறுத்துக்கொண்டவர் ஆவார். மேலே உள்ள தமிழ் வாக்கியத்தில் ‘போனார்களாம்’ என்பதை எடுத்துவிட்டுப் ‘போனார்கள்’ என்று வைத்துப் படித்தால் இந்த வேறுபாடு தானே விளங்கும். அதேபோல, நம்பத்தகுந்த ஒருவர் சொன்னதை முழுமையாக நம்புகிற போதும் ஸியைப் பயன்படுத்தலாம். ‘ஆம்’ என்ற தமிழ் ஒட்டில் சில வேளைகளில் நம்பாமையின் சாயல் ஏறிக்கொள்கிறது. ஸியின் அடிப்படைப் பொருளில் அச்சாயல் கிடையாது.

மியின் பொருளும் ‘கண்ணால் கண்டேன்’ என்ற அளவில் நின்றுவிடுவதில்லை. ஆப்பிரிக்காவில் யானைகள் இருக்கின்றன என்று சொல்லும் குஸ்கோவாசி ஆப்பிரிக்காவுக்குப் போயிருக்கத் தேவையில்லை. மி போட்டே அதைச் சொல்லலாம். (உயிரெழுத்துக்குப் பின் வரும்போது குஸ்கோ வழக்கில் மி, ‘ன்’ என்று குறுகிவிடும், ஸி, ‘ஸ்’ என்று குறுகும்.) அந்த வகைச் செய்திக்குக் கிடைக்கக்கூடிய மிகச் சிறந்த சான்று எதுவோ அது தம்மிடம் இருக்கிறது என்பதே மியின் பொருள் என்று ஃபாலர் விளக்குகிறார். எதிரே நடந்த சண்டைக்குச் சிறந்த சான்று கண்ணால் காண்பது. தொலைவிலுள்ள கண்டத்தின் விலங்குகளைப் பற்றிச் சாதாரண மனிதர் ஒருவருக்குக் கிடைக்கும் சிறந்த சான்று பள்ளியில் கற்றதுதான். இந்த நுட்பம் எனக்கு மிகவும் பிடித்தமானது. ‘நேரடிச் சான்று’ என்று எளிதாகப் பெயரிட்டுக் கடந்துவிட்டிருந்தால் இது கண்ணில் படாமலே போயிருக்கும்.

கேள்விகளில் இன்னும் சுவையான ஒன்று நிகழ்கிறது. கேள்வி கேட்பவருக்கு விடை தெரியாது. அப்படியானால் அங்கே மி யாருடைய சான்றைக் குறிக்கும்? விடை சொல்லப் போகிறவருடைய சான்றை. ‘இனேஸ் யாரைப் பார்க்கப் போனாள்?’ என்று மி சேர்த்துக் கேட்டால், இது உனக்கு நேரே தெரிந்திருக்கும் என்று எதிர்பார்த்துக் கேட்கிறேன் என்று பொருள். ஸி சேர்த்துக் கேட்டால், நீ கேள்விப்பட்டதைச் சொல் என்பது ஒரு பொருள். இந்தக் கேள்வியே என்னுடையது இல்லை, வேறொருவர் சார்பில் கேட்கிறேன் என்பது மற்றொரு பொருள். காது மந்தமான தாத்தாவுக்காக இன்னொருவர் ‘எப்போது வருவாய் என்று கேட்கிறார்’ என்று சொல்வதை நினைத்துக்கொள்ளலாம். நாம் அதற்குக் ‘கேட்கிறார்’ என்ற வினையையே கொண்டுவர வேண்டியிருக்கிறது, கெச்சுவா ஓர் ஒலியில் முடித்துவிடுகிறது.

கெச்சுவா என்று ஒரே மொழியைப் போல இதுவரை சொல்லிவந்தேன். உண்மையில் அது கொலம்பியாவின் தெற்கிலிருந்து அர்ஜென்டினாவின் வடக்கு வரை பரவிக் கிடக்கும் ஒரு மொழிக் குடும்பம். பெருவில் மட்டும் 2017ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 37 லட்சத்துக்கும் மேற்பட்டோர் கெச்சுவாவைத் தாய்மொழியாகக் குறிப்பிட்டார்கள். மேலே சொன்னவை குஸ்கோ வழக்குக்கு உரியவை. மற்ற வழக்குகளில் ஒட்டுகளின் ஒலியும் எண்ணிக்கையும் பயன்பாடும் மாறுபடும்.

இவ்வளவு முக்கியமான உறுப்பு மொழியறிஞர்களின் மையக் கவனத்துக்கு வர நெடுங்காலம் ஆயிற்று. கெச்சுவாவின் முதல் அச்சிட்ட இலக்கணத்தைத் தொமிங்கோ தெ சாந்தோ தொமாஸ் என்ற தொமினிக்கத் துறவி எழுதி, 1560இல் ஸ்பெயினின் வய்யதோலித் நகரில் வெளியிட்டார். பிரேசிலில் ஜோசே தெ அன்சியெத்தா எழுதிய துப்பி மொழி இலக்கணம் 1595இல் போர்ச்சுகலின் கொயிம்ப்ராவில் அச்சாயிற்று. போர்த்துகீசிய சேசு சபையைச் சேர்ந்த என்றீக்கே என்றீக்கஸ், தூத்துக்குடிக் கடற்கரையில் இருந்துகொண்டு தமிழுக்குப் போர்த்துகீசியத்தில் இலக்கணம் எழுதியதும் இதே நூற்றாண்டில்தான். இவர்கள் எல்லோர் கையிலும் இருந்த அளவுகோல் லத்தீன் இலக்கணம். வேற்றுமை, காலம், இடம், எண் ஆகியவற்றுக்கு அதில் இடம் இருந்தது. அறிந்த வழிக்கு இடம் இல்லை. இடமில்லாத உறுப்பைச் சிதறிய இடைச்சொல்லாகக் கருதிக் கடப்பது அச்சட்டகத்தின் இயல்பான விளைவு. அத்துறவிகளின் உழைப்பை நான் குறைத்துப் பேசவில்லை. அவர்கள் எழுதி வைத்திராவிட்டால் அக்கால மொழிகளைப் பற்றி நமக்கு மிகக் குறைவாகவே தெரிந்திருக்கும். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வட அமெரிக்கப் பழங்குடி மொழிகளை ஆராய்ந்த மானிடவியலாளர் ஃபிரான்ஸ் போவாஸ், செய்தியின் மூலத்தைக் கட்டாயமாகக் காட்டும் மொழிகள் உண்டு என்பதைச் சுட்டிக்காட்டினார். 1957இல் ரோமான் யாகப்சன் காலம், இடம் முதலியவற்றோடு இதையும் வினைச்சொல்லின் தனிக்கூறாக வகைப்படுத்தினார்.

இனி ஸ்பானியத்துக்கு வருவோம். கெச்சுவாவில் ஒட்டுகள் தவிர இறந்தகாலத்திலும் இரண்டு வகைகள் உண்டு. பேசுகிறவர் அறிய நடந்ததற்கு ‘ர்க்கா’ என்ற வடிவம். அவர் அறியாமல் நடந்ததற்கு ‘ஸ்க்கா’ என்ற வடிவம். பழங்கதைகள், தூக்கத்திலோ குடிமயக்கத்திலோ குழந்தைப் பருவத்திலோ தமக்கே நடந்தவை, பின்விளைவைக் கண்டு திடீரெனத் தெரியவந்தவை எல்லாம் ஸ்க்காவுக்கு உரியவை. பொலிவியாவிலும் தெற்குப் பெருவிலும் பேசப்படும் ஐமாரா மொழியிலும் இதே பிரிவினை இருக்கிறது. ஸ்பானியத்திலோ இப்படிப்பட்ட பிரிவினை கிடையாது. ஆனால் நூற்றாண்டுகளாக இம்மொழிகளோடு வாழ்ந்த ஆண்டிஸ் ஸ்பானியத்தில் அது உண்டாகியிருக்கிறது.

‘அபியா யோவிதோ’ என்றால் பொது ஸ்பானியத்தில் ‘மழை பெய்திருந்தது’ என்று பொருள். கடந்தகால நிகழ்ச்சி ஒன்றுக்கும் முன்னதாக நடந்ததைக் குறிக்கும் வடிவம் அது. பொலிவியாவின் லா பாஸ் நகரத்தில் காலையில் கதவைத் திறந்து, தெரு நனைந்திருப்பதைக் காணும் ஒருவரும் ‘அபியா யோவிதோ’ என்கிறார். இங்கே முன்–பின் என்ற கால ஒப்பீடு எதுவும் இல்லை. ‘அட, இரவு மழை பெய்திருக்கிறது, எனக்குத் தெரியாமல் போயிற்று’ என்பதே பொருள். தமிழர் இதை உடனே உணர முடியும், ஏனெனில் ஈரத் தெருவைப் பார்த்து நாமும் ‘மழை பெய்தது’ என்று சொல்வதில்லை, ‘மழை பெய்திருக்கிறது’ என்றே சொல்கிறோம். நண்பரின் வீட்டுக்கு முதன்முறை போய், அது இவ்வளவு பெரியதா என்று வியக்கும்போதும் ஆண்டிஸ் ஸ்பானியத்தில் இதே வடிவம் வருகிறது; வீடு இப்போதும் பெரியதாகவே இருக்கிறது என்றாலும் வினை மட்டும் இறந்தகாலத்தில் நிற்கிறது. அதுபோலவே, ‘சொல்கிறார்’ என்று பொருள்படும் ‘தீஸே’ என்ற வினை வாக்கியத்தின் இறுதிக்கு நகர்ந்து, யார் சொன்னார் என்ற குறிப்பே இல்லாமல், ‘நாளை வருவானாம்’ என்பதிலுள்ள ‘ஆம்’ ஒட்டைப் போல இயங்குகிறது.

இங்கே கவனிக்க வேண்டியது, இவ்வடிவங்களில் ஒரு கெச்சுவா ஒலியோ ஐமாரா ஒலியோ இல்லை என்பதுதான். எல்லாம் பழைய ஸ்பானியச் சரக்கு. வேலை மட்டும் புதியது.

அப்படியானால் இது பழங்குடி மொழியின் தாக்கம்தான் என்று எப்படிச் சொல்வது? இத்துறையில் ஆய்வாளர்கள் மிகுந்த எச்சரிக்கையோடு நடக்க வேண்டியிருப்பது இந்த இடத்தில்தான். ‘தீஸ்கே’ என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். மெக்சிகோவிலும் கொலம்பியாவிலும் இது ‘ஆம்’ போலவே பயன்படுகிறது. கேள்விப்பட்டதற்கும், நம்பத்தகாததற்கும் வரும். பழங்குடி மொழிகளின் செல்வாக்கு என்று உடனே சொல்லத் தோன்றும். ஆனால் ‘சொல்கிறார்கள்’ என்ற தொடரிலிருந்து சுருங்கிய இச்சொல், ஸ்பானியர் அமெரிக்காவில் கால் வைப்பதற்கு முன்பே இடைக்கால ஸ்பானிய நூல்களில் இருக்கிறது. ஸ்பெயினில் பின்னர் வழக்கொழிந்தது அமெரிக்காவில் தங்கிவிட்டது. பழங்குடி மொழி ஒன்றில் ஒத்த கூறு இருக்கிறது என்பது மட்டும் சான்றாகாது. அந்தக் கூறு தொடர்புக்கு முந்தைய ஸ்பானியத்தில் இருந்ததா, தொடர்பில்லாத வட்டாரங்களிலும் காணப்படுகிறதா, இருமொழியாளரிடமிருந்து ஸ்பானியம் மட்டுமே அறிந்தவரிடம் பரவியிருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்த பிறகே முடிவு சொல்லலாம். ஆண்டிஸின் ‘அபியா’ வடிவத்தில் வாதம் வலுவாக நிற்பதற்குக் காரணம், அதன் பயன்பாட்டு எல்லைகள் கெச்சுவா, ஐமாரா ஆகியவற்றின் அறியா இறந்தகாலத்தின் எல்லைகளோடு இவ்வளவு நெருக்கமாகப் பொருந்திவருவதுதான்.

தரவு திரட்டுவதிலும் ஒரு சிக்கல் உண்டு. ‘மழை பெய்கிறது என்பதை உங்கள் மொழியில் எப்படிச் சொல்வீர்கள்?’ என்று கேட்டால் பயன் இல்லை. அந்தக் கேள்வியில் பேசுகிறவருக்கு மழை எப்படித் தெரிந்தது என்ற சூழலே இல்லை. ஆகவே, நீங்கள் வீட்டுக்குள் இருக்கிறீர்கள், கூரையில் ஓசை கேட்கிறது, மகன் வெளியிலிருந்து நனைந்து வருகிறான் என்று ஒவ்வொரு சூழலாக விவரித்து, எந்த ஒட்டு அங்கே பொருந்தும், எது பொருந்தாது என்று கேட்க வேண்டும். அதோடு இயல்பான உரையாடல்களையும் கதைகளையும் பதிவு செய்து ஒப்பிட வேண்டும்.

பழக்கம் மட்டும் கைமாறி, சொல் கைமாறாத நிகழ்ச்சி ஆண்டிஸில் மட்டும் நடந்ததன்று. பிரேசிலின் வடமேற்கு மூலையில், வாவுபெஸ் ஆற்றுப் படுகையில், வேறு மொழிக் குழுவைச் சேர்ந்தவரையே மணக்க வேண்டும் என்ற மரபு இருக்கிறது. தந்தையின் மொழியே ஒருவருடைய மொழி. தாயின் மொழி வேறு. எல்லோரும் பன்மொழியாளர்கள், ஆயினும் ஒரு மொழியில் இன்னொரு மொழியின் சொல்லைக் கலப்பது அங்கே இழிவாகக் கருதப்படுகிறது. இப்படுகையில் சுமார் 100 பேர் மட்டுமே பேசும் தரியானா மொழியை அலெக்சாந்திரா ஐகன்வால்ட் நெடுங்காலமாக ஆய்ந்துவருகிறார். அதில் சான்றுக்குறிகள் ஐந்து. ‘ஜோசே பந்து விளையாடினான்’ என்பதைப் பார்த்தேன், சத்தம் கேட்டேன், அவனுடைய பந்தும் காலணியும் இல்லாததைக் கண்டு உய்த்தேன், ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் விளையாடுவது வழக்கம் என்பதால் அப்படிக் கொள்கிறேன், பிறர் சொன்னார்கள் என ஐந்து வகையாகச் சொல்ல வேண்டும். இவற்றுள் ஒன்றை இடாமல் வாக்கியத்தை முடிப்பது அங்கே முறையாகாது. தரியானா அரவாக் குடும்பத்து மொழி. இவ்வளவு விரிந்த முறை அக்குடும்பத்தின் சொத்தன்று. அண்டையிலுள்ள துக்கானோ குடும்பத்து மொழிகளின் முறையைப் பார்த்து, தன் சொந்த உறுப்புகளைக் கொண்டே அது கட்டிக்கொண்டது. அந்த மக்கள் போர்த்துகீசியம் பேசும்போதும் பழக்கம் விடுவதில்லை. ‘நான் பார்த்தேன்’, ‘சொல்கிறார்கள்’ போன்ற தொடர்களை வாக்கியங்களோடு சேர்த்துக்கொள்கிறார்கள். அப்பகுதியின் சாவோ காப்ரியேல் ட காஷொயெய்ரா நகராட்சி 2002இல் துக்கானோ, பனிவா, நேங்கத்து ஆகிய மூன்றையும் போர்த்துகீசியத்தோடு ஆட்சிமொழிகளாக்கியது.

பராகுவேயில் நடந்தது இதற்கு நேர்மாறானது. அங்கே நாட்டில் பெரும்பான்மையோர் குவாரனி பேசுகிறார்கள். 1992ஆம் ஆண்டு அரசியலமைப்பு அதை ஸ்பானியத்தோடு ஆட்சிமொழியாக ஏற்றது. இரு மொழிகளையும் கலந்து பேசுவது அன்றாட வழக்கம் என்பதால், ‘பிறர் சொன்னது’ என்பதைக் காட்டும் குவாரனியின் ‘ந்தாஜே’ என்ற இடைச்சொல்லே நேராக ஸ்பானிய வாக்கியத்துக்குள் புகுந்துவிட்டது.

இக்குறிகள் மறைந்துபோகும் இடத்தில்தான் அவற்றின் அருமை தெரிகிறது. ஐமாராவையும் அதன் உறவு மொழியான ஹக்காருவையும் ஆராய்ந்த மார்த்தா ஹார்ட்மன், பாடப்புத்தகங்களில் வரும் ‘கொலம்பஸ் அமெரிக்காவைக் கண்டுபிடித்தார்’ போன்ற வாக்கியங்கள் அம்மக்கள் காதில் எப்படி விழும் என்று எடுத்துக்காட்டியிருக்கிறார். மூலம் சொல்லாத அந்த வாக்கியம், எழுதியவர் கப்பலில் உடனிருந்து பார்த்தார் என்று கோருவதைப் போல ஒலிக்கும்.

எதிர்த் திசையிலும் இழப்பு உண்டு. 1608ஆம் ஆண்டை ஒட்டி, லிமாவுக்குக் கிழக்கே உள்ள வரோச்சிரி மலைப்பகுதியின் தெய்வக் கதைகளைக் கெச்சுவாவில் ஒருவர் எழுதி வைத்தார். அக்கையெழுத்துப் படி இன்று மத்ரித் தேசிய நூலகத்தில் இருக்கிறது. மலைத்தெய்வங்களின் போர்களையும் காதல்களையும் சொல்லும் பகுதிகளில் வாக்கியத்துக்கு வாக்கியம் ஸி வருகிறது. எழுதியவர் பெயர் உறுதியாகத் தெரியாவிட்டாலும், எதைத் தாம் கண்டவராக எழுதினார், எதைக் கேட்டவராக எழுதினார் என்பது 400 ஆண்டுகளுக்குப் பிறகும் வரிதோறும் தெரிகிறது. ஸ்பானியத்துக்கு மாற்றுகிறவர் ஒவ்வொரு வரியிலும் ‘என்று சொல்கிறார்கள்’ என்று எழுதி வாசகரைச் சலிப்பூட்ட வேண்டும், அல்லது சிலவற்றை விட்டுவிட வேண்டும். தமிழுக்கு மாற்றுகிறவருக்கு அந்த இக்கட்டு இல்லை. ‘ஒரு ஊரில் ஒரு ராஜா இருந்தானாம், அவனுக்கு இரண்டு பெண்டாட்டிகளாம்’ என்று கதை சொல்லும் வாய் நமக்கு ஏற்கனவே இருக்கிறது.